இடது சக்கரத்தில் இரண்டு சொட்டு

போன வாரம் ஒரு வெள்ளைச் சீருடை இந்த வீட்டில் பேச்சை நிறுத்தியதைப் பார்த்தோம். இன்றுதான் முதல்முறையாக இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக அதை இன்னொரு தரம் சொல்லிவிடுவோம்.

வீட்டில் மூன்று பேர். முன்னறையில் தையல் மெஷினோடு குடியிருப்பவள் பெரியவள். அவள் கையால் வளர்ந்த தம்பி சின்னவன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவன் மனைவி ஆஸ்பத்திரியில், அவசரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். தெருவே அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும்.

நர்ஸம்மா புதிதாக வாங்கி வந்த சீருடை இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. கடைக்காரன் அளவு மாற்றிக் கொடுத்துவிட்டான், பாவம், பெண் கவனிக்காமல் வாங்கி வந்துவிட்டாள் என்று பெரியவள் நினைத்தாள். யாரிடமும் சொல்லாமல் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து, இஸ்திரி போட்டு, இருந்த இடத்திலேயே மாட்டிவைத்தாள். மறுநாள் காலை அவசரமாக அதைப் போட்டுக்கொண்ட நர்ஸம்மாவுக்கு இடுப்புக் கொக்கி எட்டவில்லை. இழுத்ததில் தெறித்துப் போனது.

"அண்ணி, இந்த வீட்ல நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். என்னைக் கேக்காம என் பொருளைத் தொடாதீங்க."

சத்தம் போடவில்லை. ஆனால் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு கொக்கிக்குப் போய் யாராவது அழுவார்களா? அதுதான் பெரியவளுக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் உப்புப் புட்டிகூடச் சின்னவன் கை வழியாகத்தான் போய் வந்தது.

அப்படியே ஒரு வாரம் ஓடி, இதோ விடுமுறை நாள் காலை.

வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட இடத்தில் நீலக் கார் முன்பக்கம் தூக்கி நின்றது. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருந்தான் சின்னவன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் கனமான இரும்புத் தாங்கிகள் இரண்டை அடியில் நிறுத்தியிருந்தான். ஒரு முக்காலியின் மேல் மொபைலைச் சாய்த்துவைத்து, அதில் யாரோ ஒருவர் செய்து காட்டுவதைப் பார்த்துப் பார்த்துத் தானும் செய்தான்.

பல நாளாகவே அந்தக் கார் பிரேக் போடும்போதெல்லாம் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. நர்ஸம்மா வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே அந்தச் சத்தம் முன்னறைக்குக் கேட்கும். பெரியவள் மெஷினை விட்டு எழுந்து தேநீருக்கு அடுப்பு மூட்டுவாள். பேச்சு நின்ற பிறகும் தேநீர் நிற்கவில்லை. மேசையில் மூடி வைத்துவிட்டு முன்னறைக்குப் போய்விடுவாள். கோப்பை காலியாகித்தான் கழுவ வரும். அந்த ஒரு கோப்பையைப் பார்த்துத்தான் அவள் மனம் ஆறிக்கொண்டிருந்தது.

"யாரோ ஒருத்தன் மொபைல்ல சொல்றதைக் கேட்டு வண்டியைக் கூறு போட்டு வெச்சிருக்கியே, திரும்பச் சேக்கத் தெரியுமாடா?" என்றாள் பெரியவள், வாசல் படியில் நின்று.

"கடுகளவு திருகாணியை மூக்குக்கண்ணாடில மாட்டறவன்க்கா நான். இது என்ன பிரமாதம்?"

"மூக்குக்கண்ணாடி கழண்டா மூக்குலதான் விழும்."

சின்னவன் சிரித்தான். வலது சக்கரத்தில் வேலை முடிந்துவிட்டது. இப்போது இடது சக்கரம். சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே பளபளவென்று ஒரு வட்ட இரும்புத் தட்டு தெரிந்தது. அதுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் நின்று கவ்விப் பிடிப்பவைதான் பேடுகள். தேய்ந்துபோன பழைய பேடுகளைக் காட்டினான். பிஸ்கட் மாதிரி தடிமனாக இருக்க வேண்டியது, அப்பளம் மாதிரி ஆகியிருந்தது.

"இதோடயா அந்தப் பொண்ணு இத்தனை நாள் ஓட்டினா?" பெரியவள் நெஞ்சில் கை வைத்தாள்.

"அதான் கத்திச்சு. தேஞ்சுபோச்சுன்னு சொல்லத்தான் அந்தக் கீச்சு. சரி, அந்த நாடாவைக் கொடு."

பேடுகளைப் பிடித்திருக்கும் கனத்த கவ்வியைக் கழற்றிவிட்டால் அது பிரேக் குழாயிலேயே தொங்கக் கூடாதாம், குழாய் அறுந்துவிடுமாம். பெரியவள் பைகளுக்குக் கைப்பிடி தைக்க வைத்திருந்த கெட்டி நாடாவை எடுத்து வந்திருந்தாள். அவளே முடிச்சும் போட்டாள். இழுத்துப் பார்த்தான், அசையவில்லை.

"தையல் கடை முடிச்சு" என்றாள் பெருமையாக.

கவ்வி வழுக்கி ஓடும் இரண்டு ஊசிகளில் சின்னவன் விரலால் கொஞ்சம் கிரீஸ் தடவினான். பிறகு புதுக் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு புதுப் பேடுகளைப் பிரித்தான்.

"என்னடா, ஆபரேஷனா?"

"அவ பெட்டியிலேர்ந்து எடுத்தேன். கேட்டுட்டுத்தான் எடுத்தேன்" என்றான் அவன். பெரியவளுக்கு அது சுருக்கென்றது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

எல்லாம் மாட்டி முடித்து, தட்டைக் கையால் சுற்றிப் பார்த்தான். சர்ர்ர் என்று மெல்லிய உரசல் சத்தம்.

"இன்னும் சத்தம் வருதே!"

"புதுசுக்கா. அப்படித்தான் உரசும்."

அப்போது ஜன்னலில் நர்ஸம்மாவின் முகம் தெரிந்தது. கையில் மொபைல். "ஏங்க, ஆஸ்பத்திரிலேர்ந்து போன். ஒருத்தி வரலையாம், என்னை இப்பவே வரச் சொல்றாங்க. வண்டி ஆயிடுச்சா? என் அடையாள அட்டையை வேற காணோம்."

"இதோ வரேன்" என்று சின்னவன் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

பெரியவள் மட்டும் தனியாக நின்றாள்.

நாம் யாரையும் குறை சொல்ல இந்தக் கதையை எழுதவில்லை. அந்த நேரத்தில் அவள் மனத்தில் என்ன ஓடியது என்பதை மட்டும் சொல்லிவிடுவோம். இந்தச் சத்தத்தோடு வண்டியைக் கொடுத்தால் அந்தப் பெண் இவனைக் கடிந்துகொள்வாளே. லீவு நாளில் காலையிலிருந்து குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது இவனுக்கு. அது ஒன்று. இன்னொன்று, ஒரு வாரமாக அவள் மன்னிப்புக் கேட்க வழி தேடிக்கொண்டிருந்தாள். வாயால் கேட்க அவளுக்கு வரவில்லை. கையால் செய்யத்தான் வரும்.

அவள் வீட்டில் எது கத்தினாலும் ஒரே மருந்துதான். கதவுக் கீலா, மின்விசிறியா, கத்தரிக்கோலா, தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு. இப்போதுதான் தம்பியே கிரீஸ் தடவியதைப் பார்த்தாள்.

உள்ளே போய் நீள மூக்கு எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தாள். தட்டும் பேடும் சேரும் இடத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். சத்தம் அடங்கியது. வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்தாள். புது வெள்ளைத் துணியில் எண்ணெய்க் கறை படாமல் தைக்கிற கை அது, தடயமே தெரியவில்லை. வலது பக்கத்துக்குப் போகலாம் என்று பார்த்தால் அங்கே சக்கரம் மாட்டியாகிவிட்டது. சரி, ஒரு பக்கமாவது சத்தம் குறையட்டும் என்று குப்பியோடு உள்ளே போய்விட்டாள்.

'யார் செய்ததென்று தெரியவே வேண்டாம். நிம்மதியாகப் போய் வரட்டும் பெண்' என்று வேண்டிக்கொண்டாள். நல்ல மனத்தோடுதான் வேண்டிக்கொண்டாள்.

சின்னவன் திரும்பி வந்து அவசர அவசரமாகச் சக்கரத்தை மாட்டினான். வண்டிக்குள் உட்கார்ந்து, பிரேக் கெட்டியாகும்வரை மிதித்து மிதித்துப் பார்த்தான். இறக்கி, சக்கரத்தின் நட்டுகளைத் திரும்ப முறுக்கி, தெருமுனைவரை ஊர்ந்து போய்த் திரும்பி வந்தான்.

"முதல்ல கொஞ்சம் மந்தமாத்தான் பிடிக்கும்" என்று மனைவியிடம் சொல்வது முன்னறை ஜன்னல் வழியே கேட்டது. "புதுப் பேடு இல்லையா? போகப் போகச் சரியாயிடும். பயப்படாதே. வேகமா மட்டும் போகாதே."

"நான் என்னைக்குங்க வேகமாப் போயிருக்கேன்?"

கார் கிளம்பியது. தெருமுனையில் திரும்பும்போது பெரியவள் காதைத் தீட்டிக் கேட்டாள். கீச்சே இல்லை. அவள் முகம் மலர்ந்தது.

சின்னவன் பின்பக்கக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். பெரியவள் சோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இனிமே கத்தாதில்ல?"

"கத்தாதுக்கா."

"ஆமா, கிரீஸ் தடவறப்போ வெறுங்கை, பேடைத் தொடறப்போ மட்டும் எதுக்குடா கையுறை? அதென்ன தங்கமா?"

"தங்கத்துல எண்ணெய் பட்டாத் துடைச்சுக்கலாம். இதுல படவே கூடாது. பேடு அந்தத் தட்டை இறுக்கிப் பிடிச்சாத்தானே வண்டி நிக்கும்? நடுவுல ஒரு சொட்டு எண்ணெய் இறங்கினாப் போச்சு. உறிஞ்சிக்கும். அப்புறம் துடைச்சாலும் போகாது, தூக்கித்தான் எறியணும். கிரீஸ்கூட அந்த ஊசியில மட்டும்தான்."

குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பெரியவளுக்கு அந்தச் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது.

"பட்டா... என்னடா ஆகும்?"

"ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் வழுக்கும். மெதுவாப் போறப்போ தெரியாது. இறக்கத்துல அழுத்திப் பிரேக் போட்டா வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும். நீ ஏன்க்கா..."

நர்ஸம்மா போகும் வழியில் ஓர் இறக்கம் இருக்கிறது. மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கீழே ஆஸ்பத்திரிச் சந்திப்புவரை நீண்ட இறக்கம். சந்திப்பில் நாலு பக்கமிருந்தும் லாரியும் பஸ்ஸும் வரும்.



சொல்லாதே என்றது ஒரு மனம். இரண்டே சொட்டு. துடைத்துக்கூட விட்டோமே. ஒன்றும் ஆகாது. சொன்னால் யார் நம்புவார்கள்? 'என் பொருளைத் தொடாதீங்க' என்று சொன்ன பெண்ணின் காரில், ஒரு வாரம் முகம் கொடுக்காத நாத்தனார் எண்ணெய் விட்டாள். ஊர் என்ன சொல்லும்? தம்பிதான் என்ன நினைப்பான்? இந்த வீட்டில் முன்னறைகூட மிஞ்சுமா?

ஆண்டவனே, என்று அவள் கண்ணை மூடினாள். கண்ணுக்குள் அந்த இறக்கம்தான் வந்தது.

"சின்னவனே, நான் எண்ணெய் விட்டேன்டா."

"எங்க?"

"அந்தத் தட்டுல. சத்தம் வருதேன்னு. மெஷினுக்கு விடற மாதிரி ரெண்டு சொட்டு."

அவன் கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"உள்பக்கமும் வெளிப்பக்கமுமா?"

அவள் தலையாட்டினாள்.

அவன் மொபைலை எடுத்தான். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி. மறுபடி. எடுக்க மாட்டாள் என்று இருவருக்கும் தெரியும். வண்டி ஓட்டும்போது மொபைலைப் பையில் போட்டுப் பின்சீட்டில் வைத்துவிடுவது அவள் வழக்கம். பேசிக்கொண்டே ஓட்டி அடிபட்டவர்களை அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தினம் தினம் பார்க்கிறாள். அந்த நல்ல பழக்கமே இப்போது குறுக்கே நின்றது.

சின்னவன் ஸ்கூட்டரை வெளியே தள்ளினான்.

"நானும் வரேன்."

"நீ ஸ்கூட்டர்ல ஏற மாட்டியேக்கா. பயப்படுவே. வீட்ல இரு."

"பண்ணினது நான். நீ ஓட்டு."

பெரியவள் பிறந்ததிலிருந்து இரண்டு சக்கர வண்டியில் ஏறியதில்லை. ஏறினாள். தம்பியின் சட்டையை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி சாயும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் அது தன் உயிருக்கான பயம் இல்லை என்பதை அவளே ஆச்சரியமாகக் கவனித்தாள். அந்தப் பயம் எல்லாம் வேறு எங்கோ போய் உட்கார்ந்துகொண்டுவிட்டது.

கடைத்தெரு வந்தது. முன்னால் ஒரு நீலக் கார்!

"அதாடா?"

"இல்லக்கா. நம்பர் வேற."

பள்ளிக்கூடம் போனது. பாலம் வந்தது. எதிரே ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு மேலேறி வந்தது. சின்னவனின் முதுகு விறைத்ததை அவள் விரல்கள் உணர்ந்தன.

"ஆஸ்பத்திரிக்குப் போற ஆம்புலன்ஸ் இறக்கத்துலல்ல போகும்? இது மேல வருது. காலி வண்டிக்கா. யாரையோ ஏத்திக்க எங்கயோ போகுது" என்றான். அவளுக்குச் சொன்னானா தனக்குச் சொல்லிக்கொண்டானா, தெரியவில்லை.

'கடவுளே' என்றாள் பெரியவள் காற்றுக்குள். 'என்னைக் கேக்காம தொடாதீங்கன்னுதான் அந்தப் பொண்ணு சொன்னா. இந்தத் தடவை கேட்டிருக்கலாம். சத்தம் வருதே, எண்ணெய் விடட்டுமான்னு ஒரு வார்த்தை. தம்பிகிட்ட கேக்கறதுக்குக்கூட எனக்கு வாய் வரலை. எனக்கு என்ன வேணும்னாலும் பண்ணு. அவளை நிறுத்து. எதையாவது வெச்சு நிறுத்து.'

தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதன் அடியில் கூட்டம்.

சின்னவன் வேகத்தைக் குறைத்தான். ஏன் குறைக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. பார்க்கப் பயம். அவளுக்கும்தான். ஒரு கணம், இப்படியே போய்ச் சேராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

சாலையின் எதிர்ப்பக்கம், வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் நீலக் கார் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. ஒரு விளக்கு உடைந்திருந்தது. ஓட்டுகிற பக்கக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

பெரியவளுக்குக் கால் தரையில் படவில்லை. எப்படி இறங்கினாள், எப்படிக் கூட்டத்தை விலக்கினாள் என்பது அவளுக்கே தெரியாது.

மணலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் நர்ஸம்மா உட்கார்ந்திருந்தாள். முழுசாக. உயிரோடு. முகம் மட்டும் அவள் சீருடையைவிட வெள்ளையாக இருந்தது. அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவள் ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கும் அம்மா. முழங்கால் வலிக்காரி. தினமும் தொட்டியடியில் நர்ஸம்மா அவளை ஏற்றிக்கொண்டு போவது வழக்கம்.

அந்த அம்மாதான் சொன்னாள்: "நம்ம பொண்ணைப் போன் பண்ணிச் சீக்கிரம் வரச் சொல்லிட்டாங்கன்னு எனக்கும் தகவல் வந்துச்சு. இன்னைக்கு இருக்கற அவசரத்துல என்னை எங்க ஏத்தப் போகுதுன்னு நான் பஸ்ஸுக்குத்தான் நின்னேன். நம்ம பொண்ணு நிறுத்திச்சு. நிறுத்தினப்போதான் வண்டி குறுக்கே இழுத்துக்கிட்டுப் போய் மண்ணுல ஏறிச்சு. கைப்பிரேக்கைப் பிடிச்சு இழுத்துச்சு பாரு, கெட்டிக்காரி! நிறுத்தாம நேரா இறங்கியிருந்தா..." அவள் இறக்கத்தைப் பார்த்தாள்.

கீழே சந்திப்பில் ஒரு லாரி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஒரு முழங்கால் வலிக்காரிக்காகப் பிரேக்கில் கால் வைத்தாள், அவ்வளவுதான். ஆண்டவன் பெரிய பெரிய கைகளால் காப்பாற்றுவதில்லை போலும். கிடைக்கிற சின்னக் கருணையைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றுகிறான்.

நர்ஸம்மா கணவனைப் பார்த்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போது வெடித்தது.

"என்னங்க மாட்டினீங்க? என்ன லட்சணத்துல மாட்டினீங்க? மந்தமாத்தான் பிடிக்கும், பயப்படாதேன்னீங்களே! வண்டி இழுக்குது, நான் புதுசுன்னா இப்படித்தான்னு நெனச்சுக்கிட்டு வரேன்!"

சின்னவன் அக்காவை ஒரு தரம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"என் தப்புதாம்மா. சரியா மாட்டலை. அவசரத்துல..."

கூட்டத்தில் ஒருவர், "வீட்ல வெச்சு இதெல்லாம் பண்ணலாமா தம்பி? மெக்கானிக்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்?" என்றார். இன்னொருவர், "மொபைல்ல பாத்துப் பண்ணியிருப்பாரு" என்றார். யாரோ சிரித்தார்கள். தம்பி அதையும் வாங்கிக்கொண்டு நின்றான்.

பெரியவளுக்கு அங்கே ஒரு கதவு திறந்திருந்தது. ஒன்றும் பேசாமல் நின்றிருந்தால் போதும். தம்பி சுமந்துகொண்டு விடுவான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். அவள் உடைத்த பாத்திரங்களுக்கெல்லாம் தானே அடி வாங்கக் கை நீட்டியவன்.

"பொய் சொல்லாதடா" என்றாள்.

"அக்கா, சும்மா இரு."

"நீ சும்மா இரு." அவள் நர்ஸம்மாவின் முன்னால் போய் மண்ணில் உட்கார்ந்தாள். "அவன் சரியாத்தாம்மா மாட்டினான். நீ அவனை உள்ள கூப்பிட்டப்போ நான் எண்ணெய் விட்டேன். மெஷின் எண்ணெய். சத்தம் போட்டுச்சு, அடங்கட்டும்னு விட்டேன். பிரேக்குல எண்ணெய் படக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னா கேட்டிருக்கணும். நீ சொல்லியிருந்தே, கேக்காம தொடாதீங்கன்னு. நான் மறுபடியும் தொட்டேன்."

கூட்டத்தில் யாரோ பல்லிடுக்கில் மூச்சை இழுத்தது கேட்டது.

நர்ஸம்மா நிமிர்ந்தாள். அவளையே பார்த்தாள். பெரியவளும் பார்வையை விலக்கவில்லை. என்ன வரும் என்று காத்திருந்தாள். எது வந்தாலும் அது தனக்குரியதுதான் என்று காத்திருந்தாள்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. தையல்காரியின் கண் அல்லவா, வேறு எங்கே போகும்? அவள் பிடித்துத் தைத்த இடத்தில் தையல் பிரிக்கப்பட்டிருந்தது. கத்தரிக்கோலால் அல்ல, பொறுமையாக, ஒவ்வொரு நூலாக. கொக்கி இருந்த இடத்தில் ஒரு ஊக்கு. அந்த ஊக்கின் மேல், வயிற்றை மூடுவது போல, நர்ஸம்மாவின் கை. உட்கார்ந்ததிலிருந்து அந்தக் கை அங்கிருந்து நகரவே இல்லை.

கடைக்காரன் அளவு மாற்றிக் கொடுக்கவில்லை. பெண் வேண்டுமென்றேதான் பெரிதாக வாங்கியிருக்கிறாள்.

"கண்ணு..." என்றாள் பெரியவள்.

நர்ஸம்மா மெல்லக் குனிந்து அவள் காதருகே வந்தாள்.

"அண்ணி, அவருக்கு இன்னும் சொல்லலை. போன தடவை சீக்கிரமே சொல்லி, அப்புறம் இல்லாமப் போச்சே, அவர் பட்ட பாட்டைப் பாத்தீங்கல்ல? அதான், கொஞ்ச நாள் போகட்டும்னு..." நிறுத்தி மூச்சு விட்டாள். "வண்டி மோதினதுலேர்ந்து அடிவயித்துல சுருக் சுருக்குன்னுது. எனக்குப் பயமா இருக்கு."

தினமும் அடிபட்டு வருகிறவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்கிற பெண், பயமா இருக்கு என்றாள். நாத்தனாரிடம், பேசாமல் இருந்த நாத்தனாரிடம்.

வார்டு அம்மா வழியில் போன ஒரு வாடகைக் காரை நிறுத்திவிட்டிருந்தாள். சின்னவன் முன்னால் வந்தான். "நான் கூட்டிட்டுப் போறேன். அக்கா, நீ இங்க..."

"நீங்க வண்டியைப் பாருங்க" என்றாள் நர்ஸம்மா. "ஆஸ்பத்திரில ஒரு தரம் காட்டிட்டு வந்துடறேன். அண்ணி வரட்டும்."

"அக்காவா?" அவனால் நம்ப முடியவில்லை.

"அண்ணி வரட்டும்னு சொன்னேன்ல?"

சின்னவன் குழம்பிப்போய் மணலருகே நின்றான். வார்டு அம்மா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பின்சீட்டில் இவர்கள் இருவரும். கார் தொட்டியைத் தாண்டி இறக்கத்தில் மூக்கை நுழைத்தது.

சாலை கீழே கீழே ஓடியது. சந்திப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. டிரைவர் பாட்டுக்குச் சீழ்க்கை அடித்துக்கொண்டு ஓட்டினார். பெரியவளின் வலது கால் தன்னையறியாமல் காரின் தரையை அழுத்தியது. அழுத்திக்கொண்டே இருந்தது.

"அண்ணி" என்றாள் நர்ஸம்மா, கண்ணை மூடியபடியே. "அது பிரேக் இல்லை."

முன்சீட்டு அம்மா களுக்கென்று சிரித்தாள். பெரியவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது எண்ணெய் வாசனை அடித்தது. அவசரமாகக் கையை உடுப்பில் தேய்த்துவிட்டு மடிக்குள் மறைத்துக்கொண்டாள்.

நர்ஸம்மா கண்ணைத் திறக்காமலே துழாவி அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா, எண்ணெய்க் கை..."

"இருக்கட்டும்."

சந்திப்பின் சிவப்பு விளக்கில் கார் அலுங்காமல் நின்றது. பெரியவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த நொடியில்தான் நர்ஸம்மாவின் ஒரு கை அடிவயிற்றைப் பொத்த, மறு கையின் விரல்கள் அவள் கையை, எலும்பு நோகும்படி, இறுக்கின.